கல்யாணக் காரில் வட்டக் கீறல்கள்

"கல்யாணக் காரை வறட்டுத் துணியால எவடி துடைச்சது?" என்று காலையில் தெருவுக்கே கேட்கக் கத்தினீர்களே, அபூ ஜர்ராஹ், என் பிள்ளை ஜர்ராஹின் அப்பாவே, அது நான் இல்லை. புழுதிக் காற்று ஓய்ந்ததும் கல்யாண மாப்பிள்ளை கானிம்தான் வந்தான். தலைத்துணி நுனியால் கார்க் கதவை மணலோடு சேர்த்து வட்ட வட்டமாகத் தேய்த்து அதில் முகம் பார்த்தான். நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன், தற்செயலாகத்தான். "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க, உம் ஜர்ராஹ்! கல்யாணத்தன்னைக்கே கொன்னுடுவாரு" என்றான். நீங்கள் கத்தியபோது அவன் அப்பா பக்கத்திலேயே நின்றார், அவர் எதிரில் எப்படிச் சொல்வேன்?

சாயங்கால ஊர்வலத்துக்குள் உங்கள் பாலிஷ் மெஷினைப் போட்டுக் கீறலை எடுத்துவிடுங்கள். மீன் மஜ்பூஸ் சோறு புது நான்ஸ்டிக் சட்டியில் இருக்கிறது. நான் பெண்களோடு மண்டபத்துக்குப் போகிறேன். கோபம் இன்னும் இருக்கிறது, சாப்பாட்டில் காட்டவில்லை.

பி.கு. (மறுநாள், அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது): கார் கண்ணாடி மாதிரியே மின்னியது! பெண்ணின் அத்தை அதைப் பார்த்துத்தான் முக்காட்டைச் சரிசெய்தாள். கானிமும் புதுப்பெண் வத்ஹாவும் சால்மியாவுக்குக் குடிபோய்விட்டார்கள். சட்டியை நீங்களே கழுவி வைத்திருக்கிறீர்கள். மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் இரும்பு நாரால் தேய்த்திருக்கிறீர்கள், உள்ளே முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். அதை எந்த மெஷின் போட்டு எடுப்பீர்கள்?