பெயரைச் சுற்றிய கட்டம்

செவ்வாய், இரவு.

நண்பன் சேகர் இறந்த பிறகு இன்றுதான் உறையூரில் உள்ள அவன் வீட்டுக்குப் போக மனம் வந்தது. கணினியில் கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் வரும் எழுத்தைச் சுற்றிக் கட்டம் போடும் சின்ன நிரல் ஒன்றை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்த இணையத்தில் இலவசமாக விட்டிருந்தோம்.

"லீவு நாள்லகூட உக்காந்து என்னதாங்க செஞ்சாரு? காட்டுங்களேன்" என்று கேட்டார் அவன் மனைவி கலா.

லேப்டாப்பைத் திறந்து, அந்த நிரலில் யோசிக்காமல் அவன் பெயரையே அடித்துவிட்டேன். கறுப்புத் திரையில், வெள்ளைக் கட்டத்துக்குள் அவன் பெயர் வந்து நின்றது.

கலாவின் முகம் மாறியது. "தெருமுனையில ஒட்டுன கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரியே இருக்குங்க. கட்டம் வேணாங்க."

கட்டம் இல்லாமல் மறுபடி அடித்தேன்.

"இப்பதாங்க அவரு பேரு மாதிரி இருக்கு" என்றார். திரை தானாக அணையும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.