பன்னிரண்டு மணிக் கையெழுத்து

சனி, 8
விடியவே மழை. வலது மணிக்கட்டில் முறிவு, ஆறு கிழமை மாவுக்கட்டு. இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறின மாதிரி.

நேற்று சிறையில் கடமை 12க்கு முடிவு. மாற வேண்டிய ஆள் வரவில்லை, நின்றேன். 12.10. சக காவலன் நிசார் கத்தினான்: "மச்சான், ஓடி வா! கொல்லப் போறான்!" ஒரு கைதி இன்னொருவனின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். இழுத்துப் பிரித்தேன். நெரித்தவன் உடைந்த கதிரைக் காலால் என் கையில் அடித்தான்.

நெரிபட்டவன் பிழைத்தான். அல்ஹம்துலில்லாஹ்.

மனைவி பரீதா அழுகை. "அரசாங்க உத்தியோகத்தர்ல கை வச்சவன சட்டம் சும்மா உடுமா?" விடாது என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

செய்ய: மருத்துவ அறிக்கைப் பிரதி. லீவுக் கடிதம். குசினிக் கூரை ஒழுகல்.

திங்கள், 10
வெயில். விசாரணை. ஜெயிலர் வரவுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

"வெளியேறினது 12.00. உங்கட கையெழுத்துதானே?"

ஓம். ஜும்மாத் தொழுகைக்குப் பிந்தக் கூடாதென்று 11.40க்கே 12.00 போட்டுக் கையெழுத்து வைப்போம். வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் பழக்கம். அவர் பின்பக்கங்களைப் புரட்டினார். எல்லா வெள்ளியும் 12.00. ஒரு நிமிடம் கூடக் குறைய இல்லை. எனக்கே வெட்கம்.

"சட்டம் பாதுகாக்கிறது கடமையில நிக்கிறவர. புத்தகத்துப்படி நீங்க அந்நேரம் ரோட்டுல போற ஆள்."

ஆனால் நிசார் இருக்கிறான், சொல்வான்.

செவ்வாய், 11
நிசார் வந்தான், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. கதிரை நுனியில் இருந்தான். தேநீர் ஆறியது.

"வாக்குமூலம் குடுத்துட்டன் மச்சான். நீ 12க்கே போயிட்டாய் எண்டு."

"நீதானேடா கூப்பிட்ட!"

"நானும் அப்பிடித்தானே சைன் வச்சிருக்கன். உண்மையக் கதைச்சா என்ட வேலையும் போகும்."

இப்படியும் ஒரு மனிதனா? ஒரே பாயில் தொழுதவன். அறைய நினைத்த கை மாவுக்கட்டில்.

பழம் அப்படியே கிடக்கிறது. யாரும் தொடவில்லை.

வியாழன், 13
மப்பு வானம். கரண்ட் பில் வந்தது. கூடவே பதிவுத் தபால்: பணி இடைநிறுத்தம். கடமையில் இல்லாத நான் அனுமதியின்றி உள்ளே நுழைந்து கைதியைத் தாக்கினேனாம். பொலிஸிலும் முறைப்பாடு. மூன்று தரம் வாசித்தேன். என் பெயர்தான்.

பரீதா: "அப்ப ஒங்கட கைய ஒடச்சவன்?"

"முறைப்பாட்டுக்காரன்."

"நீங்க?"

கடிதத்தை நீட்டினேன். அவளே வாசித்தாள், சத்தமாக.

"சந்தேகநபர்."