மல்லியோடு வெயிலில்

மார்ச் 12, புதன்.

இன்று வெயிலில் உட்கார்ந்தேன். கூடாது என்று தெரிந்தேதான் உட்கார்ந்தேன். எனக்கு லூபஸ். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்து மூட்டுகளை வீங்க வைக்கும் நோய்.

"வைட்டமின் டி ரொம்பக் கம்மிங்க, வீக்கத்துக்கு அது நல்லதில்லைங்க. ஆனா உங்களுக்கு வெயில் ஆகாது. வாரம் ஒரு பாக்கெட் பொடியைப் பால்ல கலந்து குடிங்க" என்றார் டாக்டர். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்காவிடம் வைட்டமின் குறைவு என்று மட்டும்தான் சொன்னேன். முன்பு குடியிருந்த இடத்தில் அக்கம்பக்கத்தாரிடம் நோயின் பேரையும் சொன்னேன். ஒட்டிக்கொள்ளுமோ என்று அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அக்கா காலையில் கதவைத் தட்டினார். "ஏனம்மணி, அதுக்கு வெயிலை விடவா மருந்து? வா, மாடிக்குப் போலாம்." மாடியில் மல்லி காயப்போட்டிருந்தார். அதன் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி. அரை மணி நேரம் அவர் மகன் கதை. சரவணம்பட்டிக்கு வந்த ஏழு மாதத்தில் யாரும் என்னோடு அவ்வளவு நேரம் பேசியதில்லை.

சாயங்காலம் இரண்டு கன்னமும் சிவந்து எரிந்தன. இப்போது பேனா பிடிக்கவே விரல் மடங்க மறுக்கிறது. படியில் என்னைப் பார்த்த அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

"பாரு கண்ணு, ஒரு நாள் வெயிலுக்கே மூஞ்சி எப்படிக் களையாச் செவந்திருக்குது! நாளைக்கும் வாரயா?"

"வாரேனுங்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

குடை எடுத்துப் போகலாம். எதற்கு என்று கேட்பார்.