இனிஷியல் இல்லாத ஊர்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை அம்மாவிடம். அவள் ஐந்து மணிக்கே ஹவுஸ்கீப்பிங் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஒக்கலிபுரத்திலிருந்து மல்லேஸ்வரம் வரை நடை.

ஆபீசில் புது பேட்ச். வேல்ஸ் என்று ஒரு நாடு, இங்கிலாந்துக்குப் பக்கத்தில். அதில் ஒரு சின்ன ஊர். பேர் இரண்டு எல் எழுத்தில் ஆரம்பிக்கிறது, வாயில் வரவில்லை. ஊர் சரித்திரம் சேர்க்கிறார்களாம், பழைய போட்டோக்கள் அனுப்பியிருக்கிறார்கள். கீழே எழுதியிருப்பதைப் பார்த்துப் பேர், வீடு, தொழில் என்று கட்டங்களில் டைப் செய்வது என் வேலை. புரியாவிட்டாலும் எழுத்து தெரிந்தால் போதும். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு வசதி.

இன்று பார்த்தவை: மலை. கூரைக்குக் கற்பலகை வெட்டும் குவாரி. பாலம். மூன்று சர்ச். ஆட்களைவிட ஆடுகள் அதிகம். எல்லாப் படத்திலும் மழை.

இன்று பேசியது: "குட் மார்னிங் சார்." அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

வேகம் போதாது என்று டீம் லீடர் ரமேஷ் சார் சத்தம் போட்டார். "ஒரே பேரு, ஒரே ஊருன்னா ஒரே ஆளுதாம்மா! மெர்ஜ் அடிச்சிட்டுப் போய்ட்டே இரு. ஃப்ரைடே பேட்ச் போகணும்."

அடித்தேன். பதினொரு ஜான் ஜோன்ஸ் ஒரே ஜான் ஜோன்ஸ் ஆனார். மாலையில் வேகம் எழுதிப் போடும் போர்டில் நான்தான் முதல். பேர் இல்லை, சீட் நம்பர். 14.

ஆபீசில் மூன்று லட்சுமி. ஸ்கூட்டி லட்சுமி, பாட்டு லட்சுமி, அப்புறம் நான். லஞ்சில் பின்னால் கேட்டது:

"அந்த இன்னொரு லட்சுமி பேசுமாடி?"

"ஏன் பேசாது? போன மாசம் ஒரு தடவ தும்மிச்சே."

சிரித்தார்கள். டப்பாவைப் பார்த்தபடி நானும் கொஞ்சம் சிரித்தேன்.

ஜூன் 12, வியாழன்

ஜான் ஜோன்ஸின் கல்லறைப் படம். குவாரியில் கல் விழுந்து செத்தவர். பத்து வருடம் கழித்து எடுத்த படத்தில் அதே ஜான் ஜோன்ஸ், அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூட பெஞ்சில்.

படங்களுக்குக் கீழே எழுதியிருந்ததையெல்லாம் ஃபோனில் தமிழாக்கிப் படித்தேன். அந்த ஊரில் பாதிப் பேர் ஜோன்ஸ்தான். நம்மைப்போல் இனிஷியல் கிடையாது. அதனால் தொழிலையோ வீட்டையோ சேர்த்துக் கூப்பிடுவார்கள். ரொட்டி ஜோன்ஸ். தபால் ஜோன்ஸ். பாலத்து வீட்டு ஜோன்ஸ்.

குவாரி மூடியதும் பாதி ஊர் காலி. பிறகு பள்ளிக்கூடமும். கடைசிப் படத்தில் நான்கு பிள்ளைகள், ஒரு டீச்சர். ஓரத்தில் இன்னொருத்தி நிற்க இடம் இருக்கிறது.

நாளை பேட்ச் போனால் பத்துப் பேர் இல்லாமலே போய்விடுவார்கள். நான் அடித்த மெர்ஜ். சாரிடம் சொல்ல இரண்டு முறை அவர் மேஜை வரை போனேன். இரண்டு முறையும் பக்கத்துக் கேனிலிருந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

ஜூன் 13, வெள்ளி

மூன்றாவது முறை போனேன். பாட்டில் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. வேறு வழியில்லை.

"சார், அவங்க ஒரு ஆள் இல்ல சார். பதினொரு பேர்."

"யாரும்மா?"

"ஜோன்ஸ், சார். இங்க மூணு லட்சுமி இருக்கற மாதிரி."

எல்லோரும் திரும்பினார்கள். சார் திரையில் கல்லறையையும் பள்ளிக்கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அய்யோ தேவ்ரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "மெர்ஜ் அடிச்சது யாரு?"

"நான்தான் சார்." நீங்கள்தானே சொன்னீர்கள் என்று வாயில் வரவில்லை.

"பேட்ச மண்டே அனுப்பிக்கறேன். நாளைக்கு வந்து பிரிச்சு வை. இல்லன்னா மண்டேலேர்ந்து வராத."

அம்மாவிடம் சொல்லவில்லை. நான் வரும்போது தூங்கிவிட்டிருந்தாள்.

ஜூன் 14, சனி

வெயில். ஆபீசில் நான் மட்டும். ஃபேன் சத்தம்.

பத்து ஜோன்ஸையும் அவரவர் வீட்டில் சேர்த்தேன். பதினொன்றாவது ஆளுக்குப் பேர் மட்டும். வீடு இல்லை, தொழில் இல்லை. பாலத்தின் மேல் தனியாக, தொப்பியைக் கையில் பிடித்து நிற்கிறார். ஏதாவது எழுதிவிடலாமா என்று இருந்தது. பொய்யாகிவிடும். கட்டத்தைக் காலியாக விட்டேன். ஆனால் தனி ஆளாகத்தான் வைத்தேன்.

மூன்று மணிக்கு முடிந்தது. சாருக்கு மெசேஜ். "ஓகே, மண்டே வா" என்று பதில்.

கேட்டில் வாட்ச்மேன் நோட்டைத் திறந்தார். "பேரு?"

"லட்சுமி."

"எந்த லட்சுமிம்மா? ஸ்கூட்டியா, பாட்டா?"

"ஜோன்ஸ் லட்சுமி."

நிமிராமல் எழுதிக்கொண்டார்.