பதினேழாம் வாய்ப்பாடு

அன்புள்ள குருவிக்கு,

நானும் அம்மாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. குளியலறைக்கு வெளியே உட்கார்ந்து ஏன் வாய்ப்பாடு கேட்டேன் என்று முன்பு நீ கேட்டாய், நான் சிரித்து மழுப்பிவிட்டேன், அதற்கு இன்றைக்குப் பதில் எழுதுகிறேன். துடுப்புப் படகுப் போட்டிக்கு முன் எடைத் தராசில் முள் ஐம்பத்தொன்பது கிலோவைத் தாண்டினால் படகில் ஏற்றமாட்டார்கள் என்று, இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் ரெயின்கோட் போட்டு, வியர்த்து எடை குறைய வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் நாற்பது நிமிடம் உட்காருவாய். நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு வாய்ப்பாடு கேட்பேன். "ஏம்ப்பா, நான் என்ன மூணாங் கிளாஸா?" என்று உள்ளேயிருந்து கத்துவாய். பாடத்துக்காகக் கேட்கவில்லை, குருவி. பதில் சரியாக வரும்வரை உனக்குச் சுயநினைவு இருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் பதினேழு எட்டு என்றதற்கு, "பஸ் வந்துருச்சா?" என்றாய். கதவை உடைத்தேன். உனக்கு அது ஞாபகமில்லை. மறுநாள் தராசில் தேறினாய், அடுத்த வருடம் ஒலிம்பிக், பிறகு பதவி மேல் பதவி, இன்று சம்மேளனத்துக்கே தலைவி. அந்தக் கதவைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது என் தப்பு.

சனிக்கிழமை அந்தப் பெண்ணின் அப்பா வந்திருந்தார், பஸ் ஓட்டுகிறவர். உங்கள் விடுதிக் குளியலறையில் இரண்டு ஸ்வெட்டரோடு இறந்து கிடந்தாளே, அவளுடைய அப்பா. உன் அலுவலகம் அவருக்கு அனுப்பிய அறிக்கையின் வரைவைக் கையில் வைத்திருந்தார். பிறவியிலேயே இதயக் கோளாறாம், இப்படி எடை குறைக்கும் பழக்கம் எங்கள் அணியில் என்றுமே இருந்ததில்லையாம், கீழே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. உங்கள் மகளும் இதே எடைப் பிரிவுதானே, அவங்க செய்ததே இல்லையா என்று கேட்டார். முப்பத்தாறு வருடம் வாத்தியாராகப் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல் என்று கேட்டவன் நான், சொல்லிவிட்டேன், வாய்ப்பாட்டையும் சேர்த்து. தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவர், போகும்போது, "எம் பொண்ணு கணக்குல கெட்டி சார். யாராச்சும் வெளிய நின்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பா" என்றார்.

கையெழுத்துப் போடாவிட்டால் பதவி போய்விடும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். போகும். விசாரணையில் என்னைக் கூப்பிட்டால் அவரிடம் சொன்னதையே சொல்வேன், உனக்குத் தெரியாமல் செய்ய மனமில்லை, அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். உன்மேல் எனக்குக் கோபமில்லை, தலைநிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும் நீ. வேளைக்குச் சாப்பிடு. திங்கட்கிழமை கையெழுத்துப் போட அந்தத் தாளை எடுப்பதற்கு முன், குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்து. வெந்நீரைத் திறந்துவிட்டு, பதினேழாம் வாய்ப்பாட்டை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்.

உன் அப்பா