வெறுங்கயிறு

இன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விட்டால் வருமே, விண்ணென்று, அதே சத்தம். நீ அதை வெறுங்கயிறு என்பாய். கையில் காபி டம்ளரோடு நிமிர்ந்து பார்த்தேன். உன் வில் ஆணியில்தான் தொங்கியது, நாண் இல்லாமல். நாணை நீ போன அன்றே கழற்றி மூக்குப்பொடி டப்பாவில் போட்டுவிட்டேன்.

திருவாதவூரில் நம் கடலைக்காடுகள் அடுத்தடுத்து இருந்தன. பன்றிகள் இரண்டு காட்டையும் உழுதுவிட்டுப் போயின. நான் தகரம் தட்டினேன், நீ வில் செய்தாய். வேலியில் பழைய பேப்பரை விரித்துக் கட்டி அதில் எய்து, கிழிசலைக் குனிந்து பார்ப்பாய். அம்பின் வால் மேலே கிழித்திருந்தால், அம்பு பூட்டும் இடத்துக்கு அடையாளமாக நாணில் சுற்றிய நூல் முடிச்சைக் கொஞ்சம் கீழே இறக்குவாய். வால் வலப்பக்கம் இழுத்திருந்தால் அம்புக் குச்சி விறைப்பு என்று கண்ணாடிச் சில்லால் சீவுவாய். மறுபடி எய்வாய். எனக்குச் சலித்துவிடும்.

"பன்னிக்குப் பொண்ணு பாக்கவா போற? எதுக்குடா இம்புட்டு சிங்காரம்?"

"அம்பு ஆடிக்கிட்டே போனா பன்னி சாகாது மாப்ள. குத்துப்பட்டதோட திரும்பி வந்து நம்மளக் கிழிக்கும்."

ஒருநாள் விளையாட்டாக வெறும் நாணை இழுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"வெறுங்கயிறு விடாத. வில்லும் வெடிச்சுரும், ஆளும் வந்துரும்."

"எந்த ஆளு?"

"சத்தத்தக் கேட்ட ஆளு."

சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

கடைசியில் பேப்பரில் வட்டமாக ஒரே ஓட்டை விழுந்தது. அதைக் கழற்றாமல் வேலியிலேயே விட்டுவிட்டு, "இனி வரட்டும்" என்றாய். மறுநாள் பொழுது சாயும்போது நான் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். உன் பக்கமிருந்து வெறுங்கயிற்றுச் சத்தம் வந்தது. என்னைத்தான் கேலிக்குக் கூப்பிடுகிறாய் என்று நினைத்து, "வாரேன்டா" என்று குரல் கொடுத்தேன்.

வரப்பில் பனையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். மடியில் வில். அம்பு அத்தனையும் அம்பறாத்தூணியில் இருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஈர மண்ணில் உன் கால் தடம் தவிர வேறு தடமும் இல்லை. மாரடைப்பு என்றார்கள், நானும் தலையாட்டினேன். ஆனால் என் கையைப் பிடித்துத் தடுத்தவன் நீ. அந்த நாணை நீயாக விட்டிருக்க மாட்டாய். விட்டிருந்தால், அம்பு எய்து பயனில்லாத எதையோ எதிரே பார்த்திருக்கிறாய். இத்தனை வருடமாக இதை யாரிடமும் சொல்லப் பயந்தேன்.

காட்டை விற்று அவனியாபுரம் வந்தபோது வில்லையும் டப்பாவையும் கூடவே எடுத்துவந்தேன். இன்று டப்பாவைத் திறந்து பார்த்தேன். நாண் சுருண்டு கிடந்தது. நீ கட்டிய நூல் முடிச்சு வைத்த இடத்திலேயே இருந்தது.

அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். "இப்ப யாருக்கு வாரேன்னு சொன்னீங்க?"

சொன்னது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. டப்பாவை மூடினேன். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.