வழியில் நிற்கும் மாதா

அப்பாவுக்கு அடுத்து நான் அதிகம் அடி வாங்கிய, அதைவிட அதிகம் சோறு வாங்கிய என் அண்ணனுக்கு,

உன் கல்லறைக்குப் பக்கத்தில் அண்ணிக்கென்று இடம் விட்டு வைத்திருந்தோம். அந்த இடத்துக்கு அண்ணி வரப்போவதில்லை. போன வாரம் அவரை சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப் கல்லறையில் புதைத்துவிட்டு வந்தேன். நீ எதிர்பார்த்துக்கொண்டு இருந்தால், இனி வேண்டாம்.

ஏன் என்று கேட்பாய். சொல்கிறேன்.

சுரங்கத்துக்காக நம் ஊரை எடுத்தபோது நிலம் கொடுத்த வீடுகளுக்கு பர்மனன்ட் வேலை கிடைத்தது. பிறர் நிலத்தில் கூலிக்கு நின்ற நம்மிடம் கொடுக்க என்ன இருந்தது? நமக்குக் கிடைத்தது காலனியில் ஆளுக்கொரு பட்டா இல்லாத மனை, கொஞ்சம் தள்ளி கல்லறைக்கு ஒரு துண்டு நிலம். நீ கடைசிவரை கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை அள்ளும் கான்ட்ராக்ட் ஆளாகவே இருந்தாய். அந்தக் கூலியில்தான் நான் எம்.ஏ. படித்தேன். "செத்தாதான்டா நமக்கு சொந்த நெலம்" என்று சொல்லிச் சிரிப்பாய். அதையும் பொய்யாக்கிவிட்டார்கள்.

நீ போன பிறகு காலனிக்கும் கல்லறைக்கும் நடுவில் இருந்த முந்திரித் தோப்பை மனை போட்டு விற்றார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்து ரிட்டயர் ஆகி வந்தவர்கள். நம் பங்குக் கோயிலில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள். நம் கல்லறைப் பாதை இப்போது அவர்களுடைய அன்னை நகரின் நடுத்தெரு. சவ ஊர்வலம் போனால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், மனை விலை இறங்குகிறது. இதை வாய்விட்டுச் சொன்னால் பாவமாகிவிடுமே. அதனால் பாதையின் முகப்பில் மாதாவுக்கு ஒரு கெபி, குகை மாதிரி ஒரு சிறு கோயில், கட்ட முடிவு செய்தார்கள்.

கட்டியது யார் தெரியுமா? நாம்தான். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர், அன்னை நகர் செல்வநாதன் சார் காலனிக்கே வந்து, மாதா காரியம் என்று கைகூப்பினார். அதுவரை அவர் நம் தெருவுக்குள் வந்ததில்லை. நம் ஆட்கள் கூலி வாங்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கல் சுமந்தார்கள். பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டே கலவை எடுத்துக் கொடுத்தார்கள். முதல் சட்டியைத் தூக்கியது அண்ணி. சவ வண்டி போக வழி குறுகுகிறதே என்று நான் கேட்டேன். படித்தவனுக்கு எதிலும் சந்தேகம் என்று என் வாயை அடைத்தார்கள்.

ஃபாதர் மந்திரித்துத் திறந்தார். சுற்றிலும் இரும்பு வேலி போட்டார்கள். அதன் பிறகு காலனியில் முதலில் இறந்தவர் சூசை மாமா. வேலிக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவில் வண்டி நுழையவில்லை. பெட்டியைத் தோளில் தூக்கினோம். ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம், நான்கு பேர் பெட்டியோடு போக முடியாது. கெபியின் முன்னால் இறக்கி வைத்துவிட்டு நின்றோம்.

செல்வநாதன் மெதுவாகத்தான் பேசினார். "டவுன்ஷிப் கல்லறையில எடம் இருக்குல்லா, அங்க கொண்டு போயிருங்களேன். மாதாவே வழி காட்டுறாங்கன்னு நெனச்சுக்கிடுங்க."

பெட்டியைத் திருப்பினோம், அண்ணா. சிலர் போகிற போக்கில் கெபியின் வேலியைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

டவுன்ஷிப் கல்லறையில் குறை சொல்ல எதுவும் இல்லை. சுற்றுச்சுவர் உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு. ஆனால் அங்கே வருகிற வரிசையில்தான் குழி. புருஷனுக்குப் பக்கத்தில் பெண்டாட்டி என்று கேட்க முடியாது.

அதற்குள் அண்ணி நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்டார். நான் ஃபாதரிடம் போனேன். கெபியைச் சற்றுத் தள்ளி வைத்தால் போதும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். காலனி ஜனங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டால் பேரவையில் பேசுவதாகச் சொன்னார். வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. மாதா மேல் கடப்பாரை படலாமா என்று என்னைத்தான் முறைத்தார்கள். அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் இளகுவார்கள் என்று அவரிடமே போய்க் கெஞ்சினேன்.

"மாதாவ பேத்து நவுத்திட்டு, அந்த வழியா என்னத் தூக்கினு போவீங்களா தம்பி? அப்படிப் போய் படுத்தா எனக்குத் தூக்கம் வருமா?"

அவரே சிரித்தார். "உங்க அண்ணன் வுடுற கொறட்டைக்கு, உசுரோட இருந்தப்பவே நான் தள்ளிதான் படுத்துகினு இருந்தேன். வுடுங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது சிரிப்பாலா, இருமலாலா, எனக்குத் தெரியவில்லை.

நம் ஆட்களின் விசுவாசத்தைக் கொண்டே நம் வழியை அடைக்கலாம் என்று செல்வநாதனுக்கு எப்படித் தெரிந்தது? ஊரில் கிடைக்காத நியாயம் கேட்டுத்தானே மதம் மாறிக் கோயிலுக்குப் போனார்கள் நம் தாத்தாக்கள்? எனக்கு இப்போது எதுவும் விளங்கவில்லை. அண்ணியின் அடக்கத்துக்கு செல்வநாதன் பெரிய மாலையோடு வந்தார். பைபிள் வாசகமும் அவர்தான் வாசித்தார், நல்ல குரலில். அண்ணிக்கு இரண்டு பக்கமும் யாரோ இருக்கிறார்கள். பெயரைப் படித்துப் பார்த்தேன், நமக்குத் தெரியாதவர்கள். உன் கல்லறையைச் சுற்றிச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அந்தக் கல்லறை நிலத்தை மட்டப்படுத்திப் பூங்கா ஆக்கலாம் என்று பேரவையில் பேச்சு தொடங்கியிருக்கிறது. அதையும் நிறுத்த என்னால் ஆகாது.

ஆனால் ஒன்று செய்வேன். கோயிலுக்குப் போவதை நிறுத்த மாட்டேன். நிறுத்தினால் செல்வநாதனுக்குச் சௌகரியம். ஞாயிறுதோறும் அவருக்கு நேர் பின்னால் உட்காருவேன். பரலோக மந்திரத்தில் 'நாங்கள் மன்னிப்பது போல' என்று வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்வேன். அண்ணி எல்லாரையும் மன்னித்துவிட்டுப் போய்விட்டார். நான் மன்னிக்க மாட்டேன், அண்ணா. உனக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

உன் கடைசித் தம்பி,
ஆரோக்கியம்